மூன்று தொட்டி, மூன்று விதப் புள்ளி

ஆடிப்பெருக்கன்று சென்னையில் மொட்டைமாடியில் விதை போட்டிருக்கிறீர்கள்: தக்காளி, மிளகாய், கத்திரி. முப்பது நாள் ஆகியும் நாற்றுகள் இன்னும் சின்னத் தொட்டிகளில்தான் இருக்கின்றன. இலைகளில் புள்ளி கண்டதும் வேப்பெண்ணெய் அடித்தீர்கள், மூன்றே நாளில் புள்ளி கூடிவிட்டது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு மருந்து சொல்லச் சொல்கிறீர்கள்.

அப்படிப் பொதுவாக ஒரு மருந்து இல்லை. நீங்கள் எழுதிய விவரத்தையும் அனுப்பிய படங்களையும் வைத்துப் பார்த்தால், மூன்று தொட்டியிலும் மூன்று வேறு வேறு சங்கதி நடக்கிறது. தக்காளிக்கு வந்திருப்பது பூஞ்சாண நோய். மிளகாய்க்குப் பாக்டீரியா என்று சந்தேகப்படுகிறேன். கத்திரிக்கு நோயே இல்லை. அதற்கு ஆனது நீங்கள் அடித்த வேப்பெண்ணெயால்.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், ராயக்கோட்டைப் பக்கம் பன்னிரண்டு வருஷம் குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்றவன். அதில் ஒரு வருஷம் நாற்பது தட்டுக் குடைமிளகாய் நாற்றை இலைப்புள்ளிக்குப் பறிகொடுத்தேன். தட்டுக்கு 98 குழி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்த மூன்று மருந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் பூவாளி. வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு நிழல்வலைக்குள் தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. இலை ராத்திரி முழுக்க ஈரமாகவே இருந்தது. மருந்தை மாற்றினேனே ஒழிய, அந்த நேரத்தை மாற்றத் தோன்றவில்லை.

அதனால் முதலில் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். புள்ளியின் நிறத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. காய்ந்த இலைத்திசு எதனால் காய்ந்தாலும் பெரும்பாலும் பழுப்புத்தான். நிறத்தைவிட உதவுவது மூன்று கேள்விகள். புள்ளி செடியில் எங்கே தொடங்கியது, கீழ் இலையிலா, மேல் இலையிலா, ஒரு பக்கத்திலா? ஒரு செடியில் தொடங்கி அடுத்ததற்கு நகர்ந்ததா, எல்லாச் செடியிலும் ஒரே நாளில் வந்ததா? வந்த புள்ளி பெரிதாகிறதா, வந்த அளவிலேயே நிற்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். இரண்டு மூன்று புள்ளிகளைச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, இலை கிழியாமல் மெல்லக் கோடு போடுங்கள். தொட்டியில் தேதி எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது. கோட்டுக்குள்ளேயே நின்றிருந்தால், பெரும்பாலும் அது நடந்து முடிந்த ஒரு காயம்: வெயில், எண்ணெய், உப்பு, மருந்து என்று ஏதாவது ஒன்று. நாற்றங்காலில் எனக்கு இதைவிட உபயோகமான சோதனை கிடைக்கவில்லை.

எல்லாச் செடியிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி வந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். நோய் ஒரு மூலையில் தொடங்கி அண்டை வீட்டுக்குப் போகும். மொத்தத் தெருவுக்கும் ஒரே ராத்திரியில் வந்தது என்றால், நேற்று நாம் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் தொட்டிகள்.

தக்காளியில் புள்ளி அடி இலைகளில் மட்டும் இருக்கிறது. பழுப்பு நிறம், மரத்தை அறுத்தால் தெரியுமே வளையம், அதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள், சுற்றிலும் மஞ்சள். இது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணத்தால் வரும் முன்பருவ இலைக்கருகல். மருந்துக் கடையில் ‘ஏர்லி பிளைட்’ என்றால்தான் புரியும். வளையம் அதன் கையெழுத்து மாதிரி. ஆனால் புள்ளி கடுகளவு இருக்கும்போது வளையம் தெரியாது, கொஞ்சம் பெரிதானால்தான் தெரியும். அடி இலையில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. பழைய மண்ணிலும் காய்ந்த தக்காளிச் சருகிலும் இந்தப் பூஞ்சாணம் தங்கியிருக்கும். மழைத்துளியோ பூவாளித் தண்ணீரோ விழுந்து மண் தெறிக்கும்போது முதலில் எட்டுவது அடி இலைதான். போன வருஷத் தொட்டி மண்ணை அப்படியே கிளறிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்டையும் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து உள்வாங்கியிருந்தால் அந்த நாற்றை வைத்துக்கொள்ள வேண்டாம், நட்டாலும் அந்த இடத்தில் சாயும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது செப்டோரியா இலைப்புள்ளி. புள்ளி சின்னது, இரண்டு மூன்று மில்லிமீட்டர். நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கறுப்பு. வளையம் கிடையாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சாம்பல் நடுவில் மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்புப் பொட்டுகள் தெரியும். நல்லவேளையாக இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. விதையிலையில், அதாவது முளைத்ததும் முதலில் விரிகிற அந்த இரண்டு நீள இலையில், மஞ்சளும் பொட்டும் வந்து உதிர்ந்தால் அது நோயில்லை. அதன் வேலை முடிந்தது, போகிறது. பாதிப் பேர் அதற்குத்தான் பயந்து மருந்து தேடுகிறார்கள்.

மிளகாய் கொஞ்சம் சிக்கல். சின்னச் சின்னக் கரும்புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாமல், எண்ணெய் பட்ட காகிதம் போல ஈரமாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். இலை மஞ்சளாகித் தொட்டவுடன் உதிர்கிறது. இது சாந்தோமோனாஸ் பாக்டீரியாவால் வரும் இலைப்புள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புதுப் புள்ளிகள் ஒளி ஊடுருவுவது போல, நீர் கோத்த மாதிரி தெரிந்தால் பாக்டீரியா என்ற சந்தேகம் பலப்படும். புள்ளி வட்டமாக, நடுவில் வெளுத்து, சுற்றிலும் கரும்பழுப்பு விளிம்போடு தவளைக்கண் போல இருந்தால் அது செர்கோஸ்போரா பூஞ்சாணம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சோதனை இருக்கிறது. புள்ளியுள்ள இரண்டு இலையை, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ காகிதத்தின் மேல் வைத்து, ஜிப் பையில் போட்டு மூடி, நிழலில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். பூஞ்சாணமாக இருந்தால் பல சமயம் புள்ளியின் மேல் கறுப்பாகவோ சாம்பலாகவோ பஞ்சு மாதிரி ஏதாவது முளைக்கும். பாக்டீரியாவில் பஞ்சு வராது. அதற்குமேல் விட்டால் எல்லா இலையிலும் ஏதாவது பூசணம் வரும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் விதையோடு வருகிறது. அக்கம்பக்கத்தில் யாரிடமோ வாங்கிய பழத்திலிருந்து எடுத்த விதை என்கிறீர்கள். அந்தச் செடியில் புள்ளி இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கத்திரி. மேல் இலைகளில், அதுவும் தெற்குப் பார்த்த பக்கத்தில் மட்டும், வெளிர் வெள்ளையில் காகிதம் போலக் காய்ந்த திட்டு. அடி இலை சுத்தமாக இருக்கிறது. எல்லாக் கத்திரி நாற்றிலும் ஒரே நாளில் வந்தது. எண்ணெய் அடித்தது ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இலையின் மேல் எண்ணெய்ப் படலம், அதன்மேல் சென்னை வெயில். அளவையும் கேட்க வேண்டியிருக்கிறது: “ஒரு மூடி” என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பாட்டிலின் மூடி? லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிதான் கணக்கு. நாற்றுக்கு நான் 3-க்கு மேல் போக மாட்டேன். சோப்புக் கரைசல் சில சொட்டுச் சேர்த்துப் பால் போலக் கலங்கும்வரை குலுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் முதல் செடிக்குத் தண்ணீரும் கடைசிச் செடிக்கு எண்ணெயும் போகும். வெயில் தணிந்த பிறகு, ஆனால் இருட்டுவதற்குள் இலை காய்கிற மாதிரி அடிக்க வேண்டும். கத்திரிக்கு வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். நாலைந்து நாள் நிழலில் வையுங்கள், புது இலை நன்றாக வரும்.

வேப்பெண்ணெயை நான் குறை சொல்லவில்லை. அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் இதற்கெல்லாம் அது நல்ல காவல். சாம்பல் நோயையும் ஓரளவு தடுக்கும். தக்காளியின் வளையப்புள்ளிக்கும் மிளகாயின் பாக்டீரியாவுக்கும் அதை நம்பி உட்கார முடியாது. உங்கள் விஷயத்தில் அது இலையை இன்னொரு தடவை நனைத்துவிட்டதுதான் மிச்சம்.

இப்போது செய்ய வேண்டியது. புள்ளி வந்தவற்றையும் வராதவற்றையும் இன்றைக்கே பிரித்து மாடியின் வேறு வேறு மூலையில் வையுங்கள். தினமும் தண்ணீர் விடும்போது நல்லதை முதலில் தொடுங்கள், நோய்ப்பட்டதைக் கடைசியில். வரிசை மாறினால் கையே கொண்டுபோய்ச் சேர்க்கும். தக்காளியின் அடி இலைகளைச் சின்னக் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், இலை காய்ந்திருக்கும் நேரத்தில். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். செடியில் இருக்கிற இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம், எட்டு இலை நாற்று எதை வைத்துச் சாப்பிடும்? வெட்டியதை மாடியில் இருக்கும் உரத்தொட்டியில் போடாமல் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். வீட்டு உரத்தொட்டி கிருமி சாகிற அளவு சூடாவது அபூர்வம்.

அடுத்தது தண்ணீர். பூவாளியைக் கொஞ்ச நாள் மூலையில் கவிழ்த்து வையுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதல்லவா, ஓர் அகலத் தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு அதில் தொட்டிகளை இருபது நிமிஷம் நிறுத்துங்கள். மேல்மண் நனைந்தது தெரிந்ததும் எடுத்து வடிய விடுங்கள். தட்டிலேயே விட்டுவிட்டால் வேர் அழுகும். புள்ளி வந்த தொட்டிகளுக்கும் மற்றவைக்கும் ஒரே தட்டும் ஒரே தண்ணீரும் வேண்டாம். இதற்கு நேரமில்லை என்றால் ஒரு சொம்பால், இலையில் படாமல் மண்ணில் மட்டும், காலையில் ஊற்றுங்கள். பூஞ்சாணத்தின் வித்து இலையில் விழுந்தவுடன் நோய் வந்துவிடாது. அது முளைத்து உள்ளே போக இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். காலையில் நனைந்த இலை ஒன்பது மணிக்குள் காய்ந்துவிடும், சாயங்காலம் நனைந்தது விடியும்வரை காயாது.

சென்னையில் இந்த மாதங்களில் சாயங்கால இடிமழை வேறு இருக்கிறது, அது நம் பேச்சைக் கேட்காது. அதனால் நாற்றுகளுக்கு மேலே மட்டும் ஒரு பாலித்தீன் கூரை போடுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். பக்கமும் மூடினால் அதுவே வியர்த்து இலையை நனைக்கும். தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள், ஒரு செடியின் இலை இன்னொன்றைத் தொடாத அளவு இடம் வேண்டும். மேல்மண்ணில் விரல் நக அளவு உயரத்துக்கு ஆற்று மணலோ பொடி ஜல்லியோ பரப்பினால் மண் தெறிப்பது நிற்கும். செலவில்லாத வைத்தியம், ஆனால் மருந்தில் பாதி வேலையை இதுவே செய்துவிடும்.

இவ்வளவும் செய்து நாலு நாளில் புதுப்புள்ளி வரவில்லையென்றால் தக்காளிக்கு மருந்தே வேண்டாம். வந்தால் மேங்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து, 75 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். சமையல் ஸ்பூனால் அளக்காதீர்கள், நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. இருபது நாற்றுக்கு அரை லிட்டர் கரைசலே போதும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் கீரை, கொத்தமல்லி, புதினா தொட்டி இருந்தால் முதலில் அவற்றை அப்பால் நகர்த்துங்கள். தெளிப்பானில் பூஞ்சாண மருந்து என்று எழுதி ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இந்த மருந்தைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் வீண் ஏமாற்றம் இருக்காது. இது காவல்காரன், வைத்தியன் இல்லை. ஏற்கெனவே விழுந்த புள்ளி மறையாது, செத்த திசு திரும்பப் பச்சையாகாது. “மூன்று நாள் ஆயிற்று, புள்ளி அப்படியே இருக்கிறது, வேறு மருந்து சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது மருந்துக்குப் பிறகு விரிந்த இலையை. அது சுத்தமாக இருந்தால் வேலை நடக்கிறது.

மிளகாய்க்கு மேங்கோசெப் மட்டும் போதாது, பாக்டீரியாவை அடக்கத் தாமிரம் வேண்டும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. பிஞ்சு நாற்றுக்கு நான் 2 கிராமில் நிறுத்திக்கொள்வேன். முதலில் ஒரே ஒரு செடிக்கு அடித்து இரண்டு நாள் பாருங்கள், தாமிரத்துக்கு இளம் இலை கருகுவது உண்டு. தாமிரம் பழைய மருந்துதான். பிரான்சில் மெதாக் பக்கத்தில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் (தாமிரம் சேர்ந்த நீல உப்பு) சுண்ணாம்பும் கலந்து அசிங்கமாக அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைப் பார்த்த மில்லர்தே என்ற பேராசிரியர் அதை ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. பெரிய செடிக்கு இன்றும் அருமையான மருந்து, நாற்றுக்குக் கொஞ்சம் காரம்.

சில கடைகளில் பாக்டீரியா என்றதும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடியை எடுத்து நீட்டுவார்கள். பத்து மிளகாய் நாற்றுக்காக மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை மாடியில் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை. கிருமி அதற்குப் பழகிவிட்டால் நஷ்டம் செடியோடு நிற்காது.

சூடோமோனாஸ் கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அது உயிருள்ள பாக்டீரியா. பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்ததை வாங்காதீர்கள். தாமிரத்தோடு கலந்தால் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அதன் முழுப்பலன் நோய் வந்த பிறகு அடிப்பதைவிட விதைநேர்த்தியில்தான், கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு, உங்கள் சிட்டிகை விதைக்கு ஒரு சிட்டிகைப் பொடி. சமையல் சோடாவைத் தொட்டியில் தொடர்ந்து தெளித்தால் சோடியம் மண்ணில் சேரும், வேண்டாம். பஞ்சகவ்யா வளர்ச்சிக்கு நல்லது. அதைப் புள்ளிக்கு மருந்தாக நினைத்து ஈர இலையில் மேலும் ஈரம் சேர்க்காதீர்கள்.

நோய் மாதிரித் தெரிந்து ஏமாற்றுபவற்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த மாதம் இதே கேள்வி வேறு உருவில் வரும். ஊசி குத்தியது போல மஞ்சள் பொட்டுப் பொட்டாக இலை முழுக்க வெளுத்தால், இலையை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அது செஞ்சிலந்திப்பேன். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருக்கும். இலைக்குள் வெள்ளையாகக் கிறுக்கல் கோலம் ஓடினால் உள்ளே புழு குடைகிறது, அந்த இலையைக் கிள்ளினால் தீர்ந்தது. விரலால் துடைத்தால் போகிற வெள்ளைப் பொட்டு உப்புத்தண்ணீரின் கறை. இலை ஓரம் மட்டும் தீய்ந்துகொண்டே வந்து, தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் உப்பும் உரமும் அதிகம். தேங்காய்நார்க் கட்டியைச் சரியாக அலசாமல் பயன்படுத்தினாலும் இதே கதைதான். அடியில் வடிகிற மாதிரி நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஓட விட்டு, இரண்டு வாரம் உரத்தை நிறுத்துங்கள்.

ஒன்றுக்கு மட்டும் தாமதம் கூடாது. தக்காளியின் நுனி இளம் இலையில் வெண்கல நிறத்தில் புள்ளியும் வளையமும் வந்து, குருத்து கருகிச் சாய்ந்தால் அது இலைப்பேன் கொண்டுவரும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டிவிடுங்கள். உங்கள் புள்ளி அடி இலையில் இருப்பதால் அந்தக் கவலை இப்போது இல்லை.

கடைசியாக, எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது. தக்காளியைக் காப்பாற்றலாம், மேலே நாலு நல்ல இலை இருக்கிறது. புது மண்ணுள்ள பைக்கு மாற்றும்போது பழைய மண்ணைச் சேர்த்து எடுத்துப் போகாமல், வேர்க்கட்டியைச் சுற்றி இருப்பதை மட்டும் வைத்து நடுங்கள். மிளகாய்க்குப் பத்து நாள் கெடு கொடுங்கள். அதற்குள் புது இலையிலும் புள்ளி வந்தால் இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள், முப்பது நாள் நாற்றுக்காக மூன்று மாதம் மருந்து அடிப்பது நியாயமில்லை. புரட்டாசியில் மிளகாய் விதைக்கலாம், ஐப்பசி மழைக்குக் கூரை இருந்தால் போதும். அந்தத் தடவை விதையை 52 டிகிரி வெந்நீரில் 30 நிமிஷம் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். ஃப்ளாஸ்கும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தால் வீட்டில் முடியும். சூடு கூடிவிட்டால் முளைப்பு குறையும், அதனால் பத்து விதையில் முயன்று பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். வண்ணப்பூச்சு ஏற்றிய கடை விதைக்கும் பழைய விதைக்கும் இது வேண்டாம். பழைய தொட்டிகளை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.